மேடு எழாத நாள்

திரையில் கோடு அசையவே இல்லை. ஆனால் ஆய்வகத்தின் இயக்குநர் அம்மா வாசலில் நின்றிருந்தார்.

கம்பிக்காரனின் இரண்டு கால்களும் மேசைமேல் இருந்தன. மடி நிறைய வேர்க்கடலைத் தோல்.

கால்களை இறக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. கருவியைத்தான் தட்டிப் பார்த்தான். எட்டு மாதத்தில் ஒருமுறைகூட இப்படி நடந்ததில்லை.

அவனுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே ஒரு கம்பியால்தான். தலைமுடியைவிட மெல்லியது. உருக்கிய உலோகக் கலவையை, அணுக்கள் வரிசையில் நிற்க அவகாசம் தராமல் சட்டென்று குளிரவைத்து, மேலே கண்ணாடிப் பூச்சு போட்டது. காந்தமோ இரும்போ பக்கத்தில் வந்தால் அதில் ஓடும் மின்சாரம் தடுமாறும். திரையில் கோடு மேடாக எழும். பதினோரு வருடமாக அவன் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறான்.

மூட்டு அறுவைக்குப் பிறகு இயக்குநர் அம்மா ஊன்றுகோலுடன் வேலைக்குத் திரும்பினார். கொஞ்ச நாளில், அவர் நடைக்கூடத்தில் வரும்போதெல்லாம் கோட்டில் ஒரு மேடு எழத் தொடங்கியது. இருபதடி தூரம், நடுவே ஒரு சுவர். இரும்பு ஊன்றுகோலைத் தன் கம்பி மோப்பம் பிடிக்கிறது என்று கம்பிக்காரன் தரையில் கால் பாவாமல் திரிந்தான்.

மேடு எழுந்ததும் சுவரில் இரண்டு தட்டு தட்டுவான். பக்கத்து அறைக்காரர்கள் சீட்டுக்கட்டை ஒளித்துவிட்டு வேலையில் மூழ்குவார்கள். கைம்மாறாகத் தினமும் வேர்க்கடலை வந்துவிடும். மேலதிகாரி வருவதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு படித்தாயா என்று மனைவி கேட்டாள். உலகத்துக்கு இதைவிட அவசரமான கண்டுபிடிப்பு எது என்று அவளையே திருப்பிக் கேட்டான்.

அத்தோடு விட்டிருக்கலாம். சுவருக்கு அப்பால் இருக்கும் இரும்பைக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வின் நோக்கம். அதை நீட்டிக்கக் கோரும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே ‘இருபதடியில் இரும்பு ஊன்றுகோல்’ என்று எழுதிவைத்தான். இன்று ஐந்து மணிக்குள் இயக்குநர் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் ஆய்வுக்கு மூடுவிழா. கம்பியும் கம்பிக்காரனும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த அறிக்கைதான் இப்போது அவர் கையில் இருந்தது.

“மேடம், இன்னைக்கு ஊன்றுகோல் இல்லாம வந்துட்டீங்களா?” திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

“ஊன்றுகோல் இருக்கு. காந்தத்தைத்தான் அறையிலயே வச்சுட்டு வந்தேன்.”

மிச்சத்தை நின்றபடியே சொன்னார். ஊன்றுகோலின் நுனியில் ரப்பர். நடந்தால் சத்தம் வராது. வேலைக்குத் திரும்பிய வாரம் அவர் திடீரென்று வந்து நின்றதில், கம்பிக்காரன் பதறிப்போய்த் தேநீரைக் கருவிமேல் கவிழ்த்தான். பழுது பார்க்க மூன்று வாரம் ஆயிற்று. கருவியைக் காப்பாற்றத்தான், பழைய ஒலிபெருக்கியில் இருந்த காந்த வளையம் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்.

பூனை தனக்குத்தானே மணி கட்டிக்கொண்டது. அது எலிக்கும் தெரியும் என்றே நினைத்திருந்தாராம். நேற்று அறிக்கையைப் படித்தபோதுதான் எலியின் அறிவு அவருக்குப் புரிந்தது.

கம்பிக்காரன் முதல்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்து ஊன்றுகோலைப் பார்த்தான்.

பிரம்பு. கைப்பிடி மரம். தேடினாலும் ஓர் ஆணி கிடையாது.

எட்டு மாதமாக அது அவன் மூக்குக்கு முன்னால் வந்து போயிருக்கிறது. அவர் வந்தபோதெல்லாம் அவன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கால்கள் தாமாகக் கீழே இறங்கின.

எவ்வளவு தூரம் உண்மையோ அதை எழுதினால் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி, இயக்குநர் அம்மா பேனாவை நீட்டினார்.

மேசைமேல் ஒரு கத்தரிக்கோல் கிடந்தது. கம்பிக்காரன் அதைக் கம்பியருகே கொண்டுபோய், மெல்லப் பின்னால் நகர்த்திப் பார்த்தான். ஒரு முழத்தைத் தாண்டியதும் மேடு படுத்துவிட்டது. அறிக்கையில் இருபதடியை அடித்து ஒரு முழம் என்று எழுதினான். ஊன்றுகோல் கத்தரிக்கோல் ஆயிற்று.

அவர் படித்துவிட்டு, நிதானமாகக் கையெழுத்திட்டார்.

அப்போது பக்கத்து அறையில் சிரிப்பு வெடித்தது. யாரோ சீட்டை மேசையில் ஓங்கி அறைந்தார்கள். கம்பிக்காரன் சுவரைப் பார்த்தான். தட்டவும் முடியவில்லை, தட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

இயக்குநர் அம்மா பிரம்பைத் தலைகீழாகப் பிடித்து, கைப்பிடியால் சுவரில் இரண்டு தட்டு தட்டினார்.

பக்கத்து அறையில் நாற்காலிகள் அவசரமாக நகர்ந்தன.