புது அடுப்பு யாருக்கு?

“அப்பா, எந்திரிங்க. இன்னைக்குச் சோறு நீங்கதான் வைக்கணும்.”

இதை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே என்று அம்மா நூறு தடவை சொல்லியிருந்தாள். வாசலில் பெட்டி தயாராக இருந்தது. ஒன்பது மணிக்கு பஸ். மகளுக்கு இனி யார் முகம் கோணுமோ என்று பார்க்கப் பொறுமை இல்லை.

வெந்நீர் வைத்தால்கூடக் கேஸை மூட மறக்கிற மனுஷன் என்றுதான் இந்த இண்டக்ஷன் அடுப்பை வாங்கியிருந்தாள். பாத்திரத்தை எடுத்தால் தானாகவே நின்றுவிடும்.

முணுமுணுத்தபடி வந்தவர் அலுமினியச் சட்டியை வைத்தார். அடுப்பு கீச்கீச்சென்று கத்தியது.

“அடுப்பே சரியில்ல!”

“சட்டிதான் சரியில்ல. காந்தம் ஒட்டுற பாத்திரம்தான் இதுல சூடாகும். நாலு நாளா தொண்டைத்தண்ணி வத்தக் கத்துறேன்!”

பாத்திரத்தை மாற்றினார். கஞ்சி பொங்கி வழிந்தது. கம்பி நாரோடு பாய்ந்தார்.

“ஐயோ, தொடாதீங்க! அடுப்பு மேல இருக்கிற கண்ணாடி சுடும். ஆறினப்புறம் ஈரத்துணியால துடைக்கணும். நார் போட்டா கீறல் விழும்.”

“நாலு எழுத்து படிச்சிட்டா அப்பனுக்கே பாடமா? பெட்டியைக் கட்டிட்ட இல்ல, கிளம்பு. எனக்கு வடிச்சுக் கொட்ட உங்கம்மா இருக்கா.”

“கிளம்புறது நானில்லப்பா.”

அவர் திரும்பிப் பார்த்தார். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ எங்கடி போற?”

“காலேஜ் விடுதியில முந்நூறு பேருக்குச் சமைக்கிற வேலை,” என்றபடி அம்மா பெட்டியைத் தூக்கினாள். “உங்க ஒருத்தருக்குச் சமைக்கிறதைவிடச் சுலபம்.”

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.