நான்காவது பெயர்

அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அத்தானிடம் இருப்பது ஒரே கம்ப்யூட்டர்தான். ஆளைப் போலவே அதுவும் ஒரு வேலை சொன்னால் அரை மணி நேரம் யோசிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அதைச் சரிசெய்யப் போனேன்.

"இந்தக் குப்பையை எல்லாம் அழிச்சுட்டு லினக்ஸ் போடறேன். உங்களுக்குப் புரியாது, தள்ளி உட்காருங்க" என்றேன். தள்ளி உட்கார்ந்தார்.

ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்து, லினக்ஸைப் போட்டு, அத்தான், அக்கா, அவர்கள் மகள் என்று மூன்று பேர் பெயரில் கணக்குகளைச் சேர்த்தேன். மறுபடி ஆன் செய்தபோது திரையில் நான்கு பெயர்கள் இருந்தன. நான்காவது, 'வாலு'. அக்கா மட்டும் என்னைக் கூப்பிடும் பெயர். என் பாஸ்வேர்டைப் போட்டதும் திறந்தது. கடைசியாகப் பயன்படுத்திய நேரம், இன்று காலை ஏழு பத்து.

"காலைல இதுல யார் உட்கார்ந்தது?" என்று அதட்டினேன்.

அத்தான் விழித்தார். "நீதானே மச்சான்? பக்கத்துல உட்கார வச்சு எவ்வளவு பொறுமையா சொல்லிக்குடுத்த! ஒரு வார்த்தை திட்டல. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

ஏழு மணிக்கு நான் என் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அத்தானுக்குப் பொய் சொல்ல வராது. அதற்கும் மூளை வேண்டும் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன்.