கழி நின்ற இடம்

முன்னால் ஒருவன் போயிருக்கிறான்.

காட்டுப் பாதையின் ஈர மணலில் தடம் புதிதாகக் கிடந்தது. வலது பெருவிரல் வெளியே விலகிய தடம். பக்கிரியின் கால்.

தடம் பார்த்துப் பின்னால் வந்தவருக்குச் சிரிப்பு வந்தது.

மார்கழிக் காலை. மரத்தடியில் தூறல், மரத்துக்கு அந்தப் பக்கம் வெயில். மழை இல்லை என்று ரேடியோக்காரன் சொல்லியிருந்தான். அதனால்தான் தலையில் கோணிச்சாக்கை மடித்துப் போட்டு வந்திருந்தார்.

நாலு நாளாக அவருடைய நண்டுக்கூடுகள் காலி. கூட்டின் வாயை அவிழ்த்து, நண்டை எடுத்துக்கொண்டு, அவர் முடிச்சு மாதிரியே முடிச்சும் போட்டுவிட்டுப் போகிறான் ஒருவன். அந்தக் கொழுப்பு வேறு யாருக்கு வரும்? ஊரில் எவனையும் நம்புகிற ஆளில்லை அவர். பக்கிரியை அவன் பொறந்த நாளிலிருந்தே நம்பியதில்லை.

காடு முடிந்தால் அலையாத்திச் சேறு. சேற்றுக்கு அடியில் ஒற்றைக்கால் அகலத்துக்குக் கெட்டித் தரை ஓடும். அது தொடங்கும் இடத்தில் ஒரு கழி, நுனியில் சிவப்புத் துணி. கழியை ஒட்டி நேரே நடந்தால் அக்கரை, அவர் கூடுகள் கிடக்கும் இடம். தப்பினால் ஆளை விழுங்கும் உளை.

அந்தக் கழியில் யாரும் கை வைப்பதில்லை. வெட்டுப்பழி குத்துப்பழி என்று இருந்தவர்கள்கூட வைத்ததில்லை. சாய்ந்திருந்தால் நிமிர்த்திவிட்டுப் போவார்கள்.

நேற்றுச் சாயங்காலம் அவர் கை வைத்தார்.

பிடுங்கி, நாலு முழம் தள்ளி உளையின் ஓரத்தில் நட்டார். துணி அவிழ்ந்து வந்தது. மடியில் கிடந்த பச்சை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

முழங்கால் வரை இறங்கட்டும். கத்தட்டும். கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

ராத்திரி முழுக்க மழை.

அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. மழை குடித்த உளை முழங்காலோடு விடாது.

சிரிப்பு நின்றது.

நடை ஓட்டமானது.

காட்டை விட்டு வெளியே வந்ததும் காற்று திரும்பியது. மழை சாய்ந்து அடித்தது. அக்கரை தெரியவில்லை. கழியைப் பார்க்கத் தோன்றவில்லை. தடத்தை மட்டும் பார்த்தார்.

தடம் சேற்றில் இறங்கியது. ஓர் எட்டு. இரண்டு.

பிறகு தடம் இல்லை.

குழி.

ஓர் ஆள் அகலம். ஓரத்தில் பத்து விரலும் பிறாண்டிய கோடு. பக்கிரியின் தலைத்துண்டு பாதி சேற்றுக்குள். மற்றதையெல்லாம் மழை அழித்துக்கொண்டிருந்தது.

அவர் இறங்கினார்.

இரண்டு கையையும் தோள் வரை விட்டுத் துழாவினார். வேர் வந்தது. சிப்பி வந்தது. ஆள் வரவில்லை. இன்னும் ஓர் எட்டு உள்ளே போய்த் துழாவினார்.

இடுப்பு வரை போய்விட்டது தெரிந்தபோது காலை அசைக்க முடியவில்லை.

மழை சட்டென்று விட்டது. சேறெல்லாம் வெயில்.

"என்ன மாமா, நண்ட கையால தேடுற?"

அக்கரையிலிருந்து பக்கிரி நடந்து வந்துகொண்டிருந்தான். கழுத்து வரை சேறு. தோளில் ஒரு சாக்கு. சாக்கு தானாக அசைந்தது.

அக்கரையில் கூட்டோரம் அவர் விட்டுவைத்திருந்த சாக்கு.

அவன் அதை மறைக்கவில்லை. கெட்டித் தரையிலேயே வந்து, சாக்கை இறக்கி வைத்து, குப்புறப் படுத்துக் கையை நீட்டினான்.

"எவனோ பாவி கழிய மாத்தி நட்டுட்டான் மாமா. நான் மேல வந்தது எங்க ஆத்தா புண்ணியம். பின்னால வர்றவனும் சாவணுமா? அதான் புடுங்கி எடத்துல நட்டுட்டுப் போனேன். கையக் குடு."

அவர் திரும்பிக் கழியைப் பார்த்தார்.

பழைய இடத்தில், பழைய குழியில் நின்றது. சிவப்புத் துணியைக் காணோம். பக்கிரி தன் லுங்கியில் ஒரு துண்டு கிழித்துக் கட்டியிருந்தான்.

கட்டியிருந்தது பச்சை நைலான் கயிற்றால்.

ஊரில் அந்தக் கயிறு அவர் கூடுகளில் மட்டும்தான் உண்டு. நாலு நாளாக அதை அவிழ்த்துக் கட்டியவன் இவன்.

முடிச்சும் அவர் போடும் முடிச்சு.

பக்கிரியின் கை நீட்டியபடியே இருந்தது.

"குடு மாமா. ஓதத் தண்ணி ஏறுது."

அவருடைய இரண்டு கையும் சேற்றுக்குள் இருந்தன.

வெளியே எடுக்க மனம் வரவில்லை.