பின்னாலேயே வருகிறவன்

“அம்மா, அவன் இங்கேயும் வந்துட்டான்.”

போனில் மகன். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சமையலறைக் கதவைச் சாத்தினாள். கூடத்தில் கணவர் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மகன் பேச்சை அந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

“யாருடா?”

“அதான், அந்த ‘ஒருவன்’.”

அவள் அடுப்பை அணைத்தாள்.

மகன் வேறு ஊரில் சின்ன அறை எடுத்து கேக் செய்து விற்கிறான். செய்வதை வீடியோ எடுத்துப் போடுவான். அதைப் பார்த்துதான் ஆர்டர் வரும். முதலில் பேஸ்புக்கில் போட்டான். அங்கேதான் ‘ஒருவன்’ என்ற பெயரில் ஒரு ஆசாமி முளைத்தான். முகம் கிடையாது, ஊர் கிடையாது. எந்த கேக்கைப் போட்டாலும் கீழே வந்து ஒரு நொட்டை. மேல் அடுக்கு சாய்கிறது. அடியில் தாங்கல் போதாது. இதை வண்டியில் ஏற்றினால் தெருமுனை தாண்டாது.

பார்க்க வந்தவர்களும் கேக்கை விட்டுவிட்டுச் சாய்வைத் தேட ஆரம்பித்தார்கள்.

பேஸ்புக்கே வேண்டாம் என்று மகன் வேறு பெயரில் இன்ஸ்டாகிராமுக்கு மாறினான். பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. ‘ஒருவன்’ வந்துவிட்டான். அதையும் விட்டு இப்போது யூடியூப். அங்கேயும் முதல் ஆளாக அவன்தான்.

“புதுப் பேரை உனக்கு மட்டும்தாம்மா அனுப்பினேன். நீ யார்கிட்ட சொன்னே?”

“நான் யார்கிட்டடா சொல்லப்போறேன்?”

“அப்போ அவன் என்ன ஜோசியம் பார்த்தா வர்றான்?”

கடைசியாக ஒருமுறை பெயரை மாற்றி இன்னொரு சேனல் தொடங்கப்போவதாக மகன் சொன்னான். அதிலும் அவன் வந்தால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, அடுப்பை விற்றுவிட்டு, ஏதாவது குடோனில் மூட்டை தூக்கப் போய்விடுவானாம். சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவளுக்கு வேலையில் கை ஓடவில்லை. தன் போனைத் தொட்டது யார்? போன வாரம் வந்த தங்கை, படம் பார்க்கிறேன் என்று வாங்கி வெகுநேரம் நோண்டிக்கொண்டிருந்தாள். ஆம்பளைப் பிள்ளை கேக் சுடுவதாவது என்று சிரித்தவளும் அவள்தான்.

உடனே தங்கைக்குப் போன் போட்டுக் கேட்டேவிட்டாள்.

“என் பிள்ளை எங்கே போறான்னே எனக்குத் தெரியலை. உன் பிள்ளை போற இடத்துக்கெல்லாம் நான் வேவு பார்க்கப் போறேனாக்கும். அக்காவாச்சேன்னு வாயை அடக்கிக்கிறேன், வை போனை.”

கணவரிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பை அப்படியே விழுங்கினாள். அவருக்கு இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற பட்டறை. தனக்குப் பிறகு மகன்தான் என்றிருந்தவர். வெல்டிங்காரன் பிள்ளை கிரீம் பூசப் போகிறானா என்று ஊர் கேட்டதும், “இனி உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்” என்று வாசலைக் காட்டியவர். அவரிடம் போய் இதைச் சொன்னால், நல்லா வேணும் என்பார்.

மறுநாள் காலையில் மகனிடமிருந்து புதுப் பெயர் வந்தது. ‘யாருக்கும் காட்டாதே’ என்று சேர்த்து எழுதியிருந்தான். அவள் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

துண்டை மறந்துவிட்டாள். திரும்பி வந்தவள் அறை வாசலிலேயே நின்றாள்.

கணவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் அவள் போன். வலது கையில் அவர் போன். கண்ணாடி மூக்கு நுனியில் தொங்க, எழுத்தெழுத்தாக முணுமுணுத்து, தடித்த விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

அவர் போனில் மகனின் கேக் வந்தது. வீடியோவை நிறுத்தினார். கேட் நேராக நிற்கிறதா என்று பட்டறையில் பார்ப்பாரே, அதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“சாயுதுடா,” என்றார் போனிடம். “சின்னப் பிள்ளையிலேயும் இப்படித்தான். சொன்னா எங்கே கேட்கிறே?”

அவள் சத்தமில்லாமல் பின்வாங்கினாள். குளியலறைக்குப் போய் வாளியை வேண்டுமென்றே உருட்டினாள். வெளியே வந்தபோது போன் இருந்த இடத்திலேயே இருந்தது. கூடத்தில் அவர் கல்லு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அவர் பட்டறைக்குப் போனதும் மகன் கூப்பிட்டான். “வந்துட்டான்மா. இப்பவே ஸ்டேஷனுக்குக் கிளம்பறேன்.”

“இருடா. அவன் சொன்னதை எப்பவாவது செஞ்சு பார்த்தியா?”



“பார்த்தேன். அடுக்குக்கு நடுவுல தாங்கலா குச்சி கொடுன்னான். கொடுத்தேன். அதுக்கப்புறம் ஒரு கேக்கும் வழியில சரியலை. அதனாலதான் இன்னும் எரியுது.”

“அப்போ இருந்துட்டுப் போகட்டும். புகாரும் வேண்டாம், வேற இடம் மாறவும் வேண்டாம்.”

“யாருன்னு தெரிஞ்சுதாம்மா?”

“தெரிஞ்சவங்கதான். நேரா பேசத் தெரியாத ஆளு.”

“சாப்பிட்டாராம்மா?” என்று கேட்டான்.

தங்கைக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. எடுக்காததும் நியாயம்தான்.

மறுநாள் குளிக்கப் போகும் முன், மகனின் புது வீடியோவைத் திறந்து போனைக் கட்டில்மேல் வைத்தாள். பக்கத்தில் அவருடைய மூக்குக் கண்ணாடியையும் துடைத்து வைத்தாள்.