இரண்டு பூங்கோதை

மறுபடியும் நின்றுபோயிற்று.

அவர் மவுஸைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம், கண்ணாடி என்ன செய்யும்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். பழைய கணினியிலிருந்து முகவரிகளைப் புதியதற்கு மாற்றியதில் எல்லோரும் இரண்டிரண்டாகிவிட்டோம். தண்ணீர் லாரி வராது என்று இரண்டு முறை மின்னஞ்சல் வந்தது. ஒரு முறை வராமல் இருந்தால் போதாதா என்று மூன்றாம் மாடியில் கேட்டார்கள்.

அதற்காகத்தான் காலையிலிருந்து இந்தத் துப்புரவுப் பணி.

உறைமோர் வாங்க வந்த நான் இன்னும் போகவில்லை. கிண்ணம் கையிலேயே இருக்கிறது.

மற்றவர்களையெல்லாம் அந்த மென்பொருள் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிட்டது. ஓரிடத்தில் மட்டும் நின்று கேட்டது.

ச. பூங்கோதை.

ம. பூங்கோதை.

எதை வைத்துக்கொள்வது?

இரண்டும் அவர் மகள்தான். முதல் பெயரில் இருக்கும் எழுத்து அவருடையது. மற்றது மருமகனுடையது. கல்யாணமான கையோடு மாற்றி எழுதியவரும் அவரே.

அவர் யோசிப்பார். அது பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானாக மூடிக்கொள்ளும். திறப்பார். மறுபடியும் அதே கேள்வி.

ஆடிக்கு அழைத்து வந்ததாகத்தான் எங்களிடம் சொன்னார்கள்.

தீபாவளியும் போயிற்று.

செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவள் பெட்டி அன்று வைத்த இடத்திலேயே நிற்கிறது. இன்றோ நாளையோ கிளம்புகிற பெட்டி மாதிரி.

போவாளா, மாட்டாளா? மூன்று மாடியும் கேட்கத் தவித்துக்கொண்டிருந்தது. பெற்றவரே கேட்கவில்லை. கடைசியில் ஒரு மென்பொருள் கேட்டது. அதற்கும் பதில் வரும்வரை காத்திருக்கத் தெம்பில்லை.

தலையில் ஈரத் துண்டோடு அவள் வந்தாள். அப்பாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

அவர் உள்ளங்கையால் திரையை மறைத்தார். உள்ளங்கை எவ்வளவை மறைக்கும்.

அவள் அந்தக் கையை மெல்ல எடுத்து மேசைமேல் வைத்தாள். குனிந்தாள். ஒரே ஒரு சொடுக்கு.

எதை என்று தெரியவில்லை. முதுகு மறைத்துவிட்டது. நானும் கழுத்தை நீட்டித்தான் பார்த்தேன்.

இந்த முறை நிற்கவில்லை.

"அந்தப் பெட்டிய பரண்ல ஏத்திருங்கப்பா. போறவங்க வர்றவங்க காலெல்லாம் இடிக்குது."

என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

அவர் எழுந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். கனக்கும் என்று நினைத்து இரண்டு கையாலும் தூக்கினார்.

காலிப் பெட்டி. சட்டென்று மேலே போயிற்று.

ஸ்டூல்தான் ஆடியது.

கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.