முனீஸ்வரனுக்கு ஒரு கணக்கு

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஷிபின் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, முதலாளி மாசானம் அண்ணாச்சி அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நம்மூர்ப் பையன்லா, அதான் உன்னை நம்புதேன். வேலையை விட்டுப் போனவனுக்கு சர்வர்ல இருக்க கணக்கையெல்லாம் அழிச்சிரு. கேட்டைத் திறக்க உத்தரவு போடுத அதிகாரம் உனக்கும் எனக்கும் மட்டும் போதும். ஒரு அவசரத்துக்கு உன் பாஸ்வேர்டையும் எங்கிட்ட சொல்லி வை."

ஷிபின் நல்ல பிள்ளையாக பாஸ்வேர்டைச் சொன்னான், கணக்குகளை அழித்தான். மனசுக்குள் ஒரே குத்தாட்டம்.

காரணம், கடைசி வரிசையில் நிற்கும் நீலக் கன்டெய்னர். உள்ளே முழுக்கச் செம்புக் கம்பி. கோர்ட்டில் வழக்கு இழுத்துக்கொண்டிருந்ததால் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதை மட்டும் கடத்திவிட்டால், இந்தத் தூசிக்கும் எண்ணூர்ப் புகைக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நாகர்கோவிலில் சொந்தமாக செல்போன் கடை வைத்துவிடலாம்.

"உன் பேர்ல உத்தரவு போட்டா உன்னத்தான மாமு அமுக்குவானுங்க?" என்றான் கூட்டாளி அறிவு. டிரெய்லர் டிரைவர்.

"புதுசா ஒரு கணக்கு தொடங்கி, அதுல போடுவேன்."

"அண்ணாச்சி கண்ல பட்டா தூக்கிட மாட்டாரு? இன்னா பேரு வெப்ப?"

ஷிபின் ஜன்னல் வழியே பார்த்தான். கேட்டை ஒட்டி, வேப்பமரத்தடியில், அரிவாளோடு முனீஸ்வரன். கற்பூரம் ஏற்றாமல் எந்த டிரைவரும் வண்டியை வெளியே எடுப்பதில்லை. அண்ணாச்சியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த இடத்தைத் தாண்டுவார்.

"முனீஸ்வரன்னு வைப்பேன். சாமி பேரை அழிக்க எவனுக்கு தைரியம் வரும்?"

"உனக்கின்னா, நீ சர்ச்சுக்குப் போற ஆளு!" என்று அறிவு பயத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மதியம். முன்பக்கக் கேட்டருகே முனீஸ்வரனுக்கு வழக்கமான வாரப் பூஜை. சர்க்கரைப் பொங்கலுக்காக யார்டே அங்கே திரண்டிருந்தது. நீலக் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு டிரெய்லர் பின்பக்கக் கேட்டை நோக்கி நகர்ந்தது. சர்வரில் உத்தரவு விழுந்தால் அது தானாகத் திறந்துகொள்ளும்.

ஷிபின் பெயரை அடித்து பட்டனைத் தட்டினான். திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன.

'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கணக்கு உள்ளது.'

அதே நேரம் டிரெய்லரிலிருந்து அறிவு போனில் கூப்பிட்டான்.

"மாமு, வண்டி இன்னா இவ்ளோ லேசா ஓடுது? உள்ள சரக்கு கீதா இல்லியா?"

பதில் சொல்வதற்குள் ஜன்னலுக்குக் கீழே அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"ஏலே ஷிபின், பொங்கல் திங்க வரலியா? நீலக் கன்டெய்னரைப் பார்க்க கோர்ட்லேர்ந்து ஆள் வந்திருக்காவ. அதை இடத்துல காணோமே, எங்கல போச்சு?"

ஷிபின் முனீஸ்வரன் கணக்கைத் திறந்தான். ஒரே ஓர் உத்தரவு. போன வெள்ளிக்கிழமை, அவன் பொங்கல் வரிசையில் நின்ற நேரத்தில், செம்பு முழுவதும் லாரியில் வெளியே போயிருந்தது.

கணக்கைத் தொடங்கியவர் என்ற இடத்தில், பாஸ்வேர்டை அண்ணாச்சியிடம் மட்டுமே சொல்லி வைத்திருந்த ஷிபினின் பெயர் இருந்தது.