நாலாம் மேசைக்கு மாற்றவும்

"அவகிட்ட வாயைக் கொடுக்காதீங்கடி. இன்னைக்கு நாம சொல்றதை எழுதிக்குவா. நாளைக்கு அதை வச்சே நம்மளை வீட்டுக்கு அனுப்புவா."

நாலாம் மேசைக்காரி வேண்டுமென்றேதான் சத்தமாகச் சொன்னாள். இரண்டு நாற்காலி தள்ளி நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தவளுக்குக் கேட்காமல் இருக்காது. தலை மட்டும் நிமிரவில்லை.

செல்போன் கம்பெனி ஒன்றின் அழைப்புக் கூடம் அது. எட்டு மேசை, எட்டுப் பெண்கள். இனி அழைப்புகளை ஏஐ ஏஜென்ட் எடுக்கும் என்று மேலிடம் முடிவு செய்துவிட்டது. ஆனால் அதற்கு யாராவது எழுதிக் கொடுக்க வேண்டுமே. கணினியில் முகவரி மாற்ற ஒரு டூல், சிம்மை முடக்க ஒரு டூல் என்று எத்தனையோ இருக்கின்றன. எதை எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது என்று புரியும்படி எழுதத்தான் அந்த நோட்டுக்காரியை மூன்று மாதத்துக்கு அமர்த்தியிருந்தார்கள்.

எல்லோர் கணக்கையும் எழுதுகிறாள் என்று அவளுக்கு 'சித்திரகுப்தி' எனப் பெயர் வைத்ததும் நாலாம் மேசைதான். முதல் நாளே நாலாம் மேசைக்காரி போனில் பேசுகிற குரலைக் கேட்டு, சித்திரகுப்தி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கே தன்மேல் கண் வைத்துவிட்டாள் என்பது நாலாம் மேசையின் கட்சி.

நாலாம் மேசையைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. படிக்கிற பெண்கள் இரண்டு. இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

ஒருநாள் சித்திரகுப்தி அவள் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அக்கா, இணைப்பை மூடுற டூலை எப்ப தொடுவீங்க?"

"கை அரிக்கிறப்ப."

கூடம் சிரித்தது.

"வீட்ல ஒருத்தர் இறந்துட்டாங்க, அவங்க நம்பரை நிறுத்தணும்னு யாராவது கூப்பிட்டா?"

"ஏன், அதை உன் மெஷின் பாத்துக்காதா? கூட உக்காந்து அழறதுக்கும் ஒரு டூல் செஞ்சு வை."

இதற்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. அவள் எதையோ எழுதிக்கொண்டு, "சரிக்கா" என்று எழுந்து போனாள்.

சாப்பாட்டு வேளையில் அவளுக்கு யாரும் இடம் விட்டதில்லை. மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாள்.

மூன்றாம் மாதக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை கடிதங்கள் வந்தன. ஏழு கடிதம். ஏழாம் மேசைக்காரி கடிதத்தைப் பிரிக்காமலே அழுதாள். நாலாம் மேசைக்கு மட்டும் கடிதம் இல்லை.

பன்னிரண்டு வருஷ உழைப்பு வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அழுகிறவர்கள் நடுவில் சந்தோஷப்பட முடியவில்லை. அந்தக் கோபமும் சித்திரகுப்தி மேலேயே திரும்பியது.

அவளும் அன்றோடு பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"வந்த வேலை முடிஞ்சுதா? ஏழு பேர் வயித்துல அடிச்சாச்சு. இப்ப நிம்மதியா?"

அவள் நின்றாள். கண் கலங்கியிருந்தது. என்னமோ சொல்ல வந்து, கடைசியில் கேட்டது இதுதான்.

"சாப்பிட்டீங்களாக்கா?"

"திமிரைப் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் நாலாம் மேசை.

திங்கட்கிழமை வந்தபோது ஏழு நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மேனேஜர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"என்னை மட்டுமாவது வச்சுக்கிட்டீங்களே. ரொம்ப நன்றி சார்."

"எனக்கு எதுக்கும்மா நன்றி? அந்தப் பொண்ணு எட்டு டூலுக்குக் கீழ 'இதுக்கு ஆள் வேணும்'னு எழுதி வச்சிருந்துச்சு. உங்கள்ல ஆளுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் மேலிடத்தோட மல்லுக்கட்டிச்சு. அதுல ஏழு குறிப்பை அடிச்சிட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் வேலை கொடுக்கிறதா இருந்தது, அதையும் சேர்த்து அடிச்சிட்டாங்க."

"எட்டாவது சார்?"

"அதையும் எடுத்துட்டுத்தான் சோதிச்சுப் பாத்தாங்க. அழுதுட்டிருந்த ஒரு அம்மாகிட்ட அந்த மெஷின் இறப்புச் சான்றிதழ் நம்பரை மூணு தடவை கேட்டுது. மானம் போயிடும்னு பயந்து, எழுதினபடியே விட்டுட்டாங்க. இனி அந்த மாதிரி அழைப்பு மட்டும்தான் உங்களுக்கு வரும். இந்தாங்க, படிச்சுப் பாருங்க."

அவள் மேசைக் கணினியில் அந்தக் குறிப்பைத் திறந்துவிட்டுப் போனார்.

*டூல்: இறந்தவர் இணைப்பை மூடுதல்.*

*எப்போது பயன்படுத்தலாம்: நீ பயன்படுத்தாதே. அழைப்பை நாலாம் மேசைக்கு மாற்றவும்.*

*காரணம்: சான்றிதழ் எண்ணை நீ முதலில் கேட்பாய். அவர் கடைசியில் கேட்பார்.*

*உதாரணம்: கணவன் இறந்த ஒன்பதாம் நாள் ஒரு பெண் அழைத்தாள். "அவர் நம்பரை நிறுத்தணும்" என்றதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. நாலாம் மேசை அவசரப்படுத்தவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை லைனிலேயே இருந்தார். பிறகு, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அந்த வீட்டில் அதைக் கேட்க வேறு யாரும் இல்லை. போனை வைத்துவிட்டு அந்தப் பெண் எழுந்து போய்ச் சாப்பிட்டாள்.*

*குறிப்பு: உதாரணம் கற்பனை அல்ல. அழைத்தவள் நான்.*